சென்னைக்குக் கிட்ட இருக்கறது மதுரையா, யாழ்ப்பாணமா?

ஆபீஸ் கேண்டீனில் போன வாரம் ஒரு பந்தயம். பந்தயப் பொருள், ஒரு மசால் தோசை. கேள்வி ரொம்ப சிம்பிள். சென்னையிலிருந்து நேர்கோடு போட்டால் மதுரை கிட்டவா, யாழ்ப்பாணம் கிட்டவா?

டேபிளில் ஆறு பேர். அஞ்சு பேர் யோசிக்காமல் மதுரைன்னுட்டாங்க. ஆறாவது ஆள் இன்னும் ஒரு படி மேலே போய், "யாழ்ப்பாணம் கொழும்பு பக்கத்துல இல்ல இருக்கு? அதைப் போய் மதுரையோட கம்பேர் பண்றியே"ன்னு என்னைப் பரிதாபமா பார்த்தார். உடனே போனை எடுத்து, ரெண்டு ஊர் பேரைப் போட்டால் தூரமும் விமான நேரமும் சொல்லுமே, அந்த மாதிரி ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினேன். மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 415 கிலோமீட்டர். கோயம்புத்தூர் சுமார் 400. யாழ்ப்பாணத்துப் பலாலி வெறும் 355.

தோசை வந்தது. ஜெயிச்ச தோசைக்கு ருசி தனி, அதை மறுக்க மாட்டேன். ஆனா சாப்பிட்டுக்கிட்டே தூரத்துக்குக் கீழே இருந்த அடுத்த வரியைப் பார்த்தேன். விமானப் பயண நேரம்: 56 நிமிடம்.

அதுக்கப்புறம் பாதி தோசை இறங்கலை.

அந்த 56 எங்கிருந்து வந்ததுன்னு முதலில் சொல்லிடறேன். இந்த மாதிரிப் பக்கங்களில் பெரும்பாலானவை எந்த விமானத்தையும் பார்த்து நேரம் சொல்வதில்லை. பூமி உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவே இருக்கும் மிகக் குறைந்த தூரத்தைக் கணக்குப் போட்டு, மணிக்கு 800 கிலோமீட்டர்னு வகுத்து, ஏற இறங்க ஒரு அரை மணி சேர்த்துக்கும். 355 கிலோமீட்டருக்கு 26 நிமிஷம், கூட ஒரு முப்பது. கணக்கு சரிதான். ஆனா பலாலிக்குப் போவது ஜெட் இல்லை. காத்தாடி வெச்ச ஏடிஆர் 72. அது எவ்வளவு முக்கினாலும் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகும். அதோட கால அட்டவணையில் போடும் நேரம் சக்கரத்துக்கு வெச்ச கட்டையை எடுத்ததிலிருந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்பக் கட்டை வைக்கிற வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, முன்னாடி நாலு விமானம் நின்னா காத்திருக்கறது, இறங்கறதுக்கு ஒரு வட்டம் அடிக்கிறது எல்லாம் அதுக்குள்ள அடக்கம். ஆக, டிக்கெட்டில் ஒன்றேகால் மணிக்குக் குறையாது, ஒன்றரை வரைக்கும் போகும். 56 நிமிஷத்துக்கும் ஒன்றரை மணிக்கும் நடுவுல இருக்கற அரை மணி வித்தியாசத்துக்கா தோசை இறங்கலைன்னு கேட்பீங்க. இல்லை.

எங்க அம்மா பருத்தித்துறைக்காரங்க. அப்பா தூத்துக்குடிப் பக்கம். யாழ்ப்பாணம் பெரிய கடைத்தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனவர், அங்கேயே அம்மாவைக் கல்யாணம் பண்ணி, 1973-ல் கூட்டிக்கிட்டு வந்துட்டார். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு அப்ப 'ராமானுஜம்'னு ஒரு கப்பல் ஓடிக்கிட்டிருந்தது, அதுல. அதுக்கும் முன்னாடி தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து கப்பல், அந்தப் பக்கம் மறுபடி ரயில். எழும்பூரில் டிக்கெட் எடுத்தால் கொழும்பு வரைக்கும் போகலாம், போட் மெயில்னு பேரு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போன பிறகுதான் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல்.

விமானம்? அதுவும் இருந்தது. இதைச் சொன்னால் கேண்டீனில் இன்னொரு தோசை ஜெயிக்கலாம். ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று கிளம்பியது. கொழும்பு ரத்மலானையிலிருந்து பலாலி வழியா மெட்ராஸ். டகோட்டா விமானம். சிலோனுக்குச் சுதந்திரம் கிடைக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி யாழ்ப்பாணத்துக்காரருக்கு மெட்ராசுக்கு நேர் விமானம் கிடைச்சாச்சு! எங்க அம்மாவோட அப்பா ஒரு தடவை பலாலியில் ஏறி மெட்ராசில் இறங்கி, ஒரு கல்யாணத்துக்குக் கூறைச்சேலை வாங்கிக்கிட்டுத் திரும்பினவர். அந்தக் கதையை அம்மா இப்பவும் சொல்வாங்க. வல்வெட்டித்துறைக்காரர்கள் சாயந்தரம் படகெடுத்து வேதாரண்யம் வந்து எம்ஜிஆர் படம் பார்த்துட்டு விடியறதுக்குள்ள வீடு திரும்பிடுவாங்கன்னும் சொல்வாங்க. அதுல எவ்வளவு உண்மை, எவ்வளவு உப்பு மிளகாய்னு நான் ஆராயப் போகலை :-)

இப்படி இருந்த ரெண்டு ஊருக்கு நடுவுல, 1980களில் கப்பல் நின்னுது. விமானம் அதுக்கு முன்னாடியே நின்னுட்டது. பலாலி ராணுவத் தளமாச்சு. 1990-ல் யாழ்தேவி ரயில் வவுனியாவுக்கு வடக்கே போகாமல் நின்னுது. ஏ9 சாலை மூடினாங்க. மேப்பில் ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் யாழ்ப்பாணம் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போச்சு.

2003 ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. பருத்தித்துறையிலிருந்து போன். பெரியம்மா, அதாவது அம்மாவோட ஒரே அக்கா, சாயந்தரம் போய்ட்டாங்க. அம்மா கடைசியா அக்காவைப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது. போர் நிறுத்தம் இருந்த சமயம், ஏ9 சாலையைத் திறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "அந்த டிசம்பர்ல போகலாம்"னு நானே அம்மாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். அது வேற கதை.

எப்படிப் போறது? நேரா வழி இல்லை. சென்னையிலிருந்து கொழும்பு போகணும். ஒரு ஸ்கேலை எடுத்து மேப்பில் வைங்க. சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு மூணும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் தெற்கு நோக்கி இருக்கும். அதாவது யாழ்ப்பாணம் போறதுக்கு யாழ்ப்பாணத்தைத் தாண்டி இன்னும் 290 கிலோமீட்டர் தெற்கே பறக்கணும். அங்க இறங்கி, 400 கிலோமீட்டர் ரோட்டு வழியா மறுபடி வடக்கே ஏறணும். தாம்பரத்துல இருக்கறவர் செங்கல்பட்டு போறதுக்கு விழுப்புரம் வரைக்கும் போய்த் திரும்பி வர்ற மாதிரி.

புதன்கிழமை விமானத்தில் இடம் இல்லை. வியாழன் சாயந்தரம் கிடைச்சுது. கட்டுநாயக்காவில் இறங்கும்போது இருட்டிடுச்சு. ரத்மலானையிலிருந்து பலாலிக்கு உள்ளூர் விமானம் ஓடிக்கிட்டிருந்தது, அதுலயும் இடம் இல்லை. ஒரு வேனைப் பிடிச்சு நடுராத்திரி கிளம்பினோம். ஓமந்தையில் இறக்கி ஒரு சோதனை. பெட்டியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து. அதைத் தாண்டினால் இன்னொரு தரப்பு, இன்னொரு சோதனை, இன்னொரு படிவம். முகமாலையில் மறுபடி. ரோடுன்னு சொன்னாங்க, ஆனா பாதி இடத்தில் குழிக்கு நடுவுலதான் ரோடு இருந்தது. ரெண்டு பக்கமும் தலையில்லாத பனைமரங்கள். அம்மா ஒரு வார்த்தை பேசலை. வழியில் சாப்பிடவும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் போய்ச் சேர்ந்தோம். ஜூலை வெயிலில் எவ்வளவு நேரம் வெச்சிருப்பாங்க? புதன்கிழமையே எடுத்துட்டாங்க. காடாத்தும் முடிஞ்சிருந்தது. பெரியம்மா பையன், எனக்கு அண்ணன் முறை, வாசலில் நின்னு, "சின்னம்மா, பிந்திட்டியள்"னு மட்டும் சொன்னார். குற்றம் சொல்ற குரல் இல்லை அது. அதனாலதான் இன்னும் காதுல இருக்கு.

செவ்வாய் ராத்திரி முதல் வெள்ளி சாயந்தரம் வரை. 355 கிலோமீட்டருக்கு மூணு நாள். நல்ல மாட்டு வண்டியா இருந்தா, நடுவுல கடலும் இல்லாம இருந்தா, எங்களைவிட ரொம்ப லேட்டா போயிருக்காது.

இனி விஷயத்துக்கு வர்றேன். என் கட்சி இதுதான்: ரெண்டு ஊருக்கு நடுவே உள்ள தூரத்தை கிலோமீட்டராலும் சொல்லக்கூடாது, பறக்கும் நேரத்தாலும் சொல்லக்கூடாது. இன்னிக்கு ராத்திரி ஒரு சாவுச் செய்தி வந்தால் எத்தனை மணி நேரத்தில் அங்க போய் நிற்க முடியும்? அதுதான் தூரம். கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் மூணு மாசம் முன்னாடி டிக்கெட் எடுக்கலாம், எந்த ஊரும் கிட்டதான். சாவுக்கு அப்படி எடுக்க முடியாது.

இப்படிப் பார்த்தால் முக்கியமான எண், விமானம் எவ்வளவு வேகமாப் போகுதுங்கறது இல்லை. எத்தனை நாளுக்கு ஒரு தடவை போகுதுங்கறது. தினம் ஒரு விமானம் இருந்தால் அதிகபட்சக் காத்திருப்பு ஒரு நாள். வாரத்துக்கு ரெண்டே ரெண்டுன்னா மூணு நாலு நாள் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும், அதுக்கப்புறம் 56 நிமிஷத்தில் போனா என்ன, ஒன்றரை மணியில் போனா என்ன? ஏடிஆருக்குப் பதிலா ஜெட் விட்டால் மிச்சமாகறது இருபது நிமிஷம். வாரத்துக்கு நாலு நாள் போறதை ஏழு நாளாக்கினால் சில பேருக்கு ஒரு நாள் முழுசா மிச்சமாகும். ஆனா பேப்பரில் கொட்டை எழுத்தில் வர்றது எப்பவும் நிமிஷக் கணக்குதான்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்னு திறந்தாங்க. நவம்பரில் அலையன்ஸ் ஏர் விமானம் சென்னையிலிருந்து போக ஆரம்பிச்சுது. வாரத்துக்கு மூணு நாள். நாலு மாசம்கூட நிம்மதியா ஓடலை, 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்திட்டாங்க. உலகத்தில் எல்லா இடத்திலும்தான் நின்னுது, சரி. ஆனா சென்னையிலிருந்து கொழும்பு, சிங்கப்பூர், துபாய்னு மத்ததெல்லாம் திரும்பி வந்த பிறகும் இது வரலை. 2022 டிசம்பர் 12 அன்றுதான் மறுபடி தொடங்கினாங்க. ரெண்டே முக்கால் வருஷம். அந்த இடைவெளியில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் கொழும்பைச் சுத்திக்கிட்டுப் போய் 'பிந்தி'யிருப்பாங்கன்னு யாரும் கணக்கு எடுத்திருக்க மாட்டாங்க.

கப்பல் கதை இன்னும் சோகமான காமெடி. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று கொடியசைச்சு அனுப்பினாங்க. ஒரு வாரத்தில் நின்னுது. அக்டோபர் நடுவில், வடகிழக்குப் பருவமழை வாசலில் நிக்கும்போது பாக் நீரிணையில் கப்பல் விட ஆரம்பிக்கறதுக்குத் தனி மூளை வேணும். மறுபடி 2024 ஆகஸ்டில்தான், வேற கப்பல், வேற கம்பெனி. சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். நல்ல விஷயம்தான், நானும் ஒரு தடவை போகணும். ஆனா மழைக்காலம் வந்தா ஓடாதுங்கறதை வெச்சுக்கிட்டு ஒரு வயசான மனுஷி எப்படித் திட்டம் போடுவா?

2023 மே மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு அந்த ஏடிஆரில் போனேன். காலையில் மீனம்பாக்கத்தில் ஏறினோம். அம்மாவுக்கு ஜன்னல் சீட். கொஞ்ச நேரம் கடற்கரை ஓரமாவே போன மாதிரி இருந்தது, அப்புறம் வெறும் தண்ணி. கொடுத்த தண்ணி பாட்டிலைத் திறக்க முடியாம என்கிட்ட நீட்டினாங்க. நான் திறந்து கொடுத்து, பக்கத்து சீட்டுக்காரரோட ஏதோ பேசிட்டுத் திரும்பறேன், கீழே தட்டையா நிலம், பனை, சிவப்பு மண்ணு. நான் வாட்சைப் பார்த்தேன், தரையை விட்டு ஒரு மணி அஞ்சு நிமிஷம்.

"என்ன, அதுக்குள்ள வந்திட்டுதோ?"ன்னாங்க.

"வந்துட்டோம்மா."

"இவ்வளவுதானோ தம்பி?"

நான் ஏதாவது ஜோக் அடிக்கலாம்னு பார்த்தேன். முகத்தைப் பார்த்துட்டு விட்டுட்டேன். ஊர் வந்த சந்தோஷத்தில் கேட்ட கேள்வி இல்லை அது. கோபம். இவ்வளவு கிட்ட வெச்சுக்கிட்டா அக்காவைப் பார்க்க விடாமப் பண்ணினீங்கங்கற கோபம். யார் மேலன்னு அவங்களுக்கே தெரியாது. அன்னிக்கு முழுக்க என்கிட்ட சரியாப் பேசலை. பலாலியிலிருந்து பருத்தித்துறை இருபது கிலோமீட்டர் சொச்சம். ரெண்டு இட்லி ஆறறதுக்குள்ள அண்ணன் வீட்டு வாசலில் இருந்தோம்.

நம்ம ஊர் மேடைகளில் யாழ்ப்பாணம்னு சொன்னாலே அடுத்த வார்த்தை 'தொப்புள்கொடி உறவு'. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துடுச்சு. அந்தக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு யாரும் அங்க போய்ச் சேர முடியாது சாமி, விமானம் வேணும். ரெண்டே முக்கால் வருஷம் நின்னுபோன அந்த விமானத்துக்காக நம்மூரில் ஒரு பெரிய போராட்டம் நடந்ததா எனக்கு ஞாபகம் இல்லை. நடந்திருந்தால் யாராவது சொல்லுங்க, இந்தப் பத்தியை அடிச்சுடறேன். கண்ணீரும் கவிதையும் நிறைய வந்தது. ஒரு கால அட்டவணை கேட்டு ஒருத்தரும் மேடை ஏறலை.

"எழுபது சீட்டை யார் சார் தினம் நிரப்புவாங்க?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நாங்க போன விமானத்தில் யார் இருந்தாங்கன்னு சொல்றேன். சென்னையில் கண் ஆபரேஷன் முடிச்சுத் திரும்பும் ஒரு தாத்தா. மகள் கல்யாணத்துக்குத் தி.நகரில் சேலை எடுத்துக்கிட்டுப் போற ஒரு குடும்பம், கனடாவிலிருந்து வந்தவங்க. சிதம்பரம் போய்ட்டுத் திரும்பற நாலு பெண்மணிகள். இங்க காலேஜில் படிக்கிற ரெண்டு பசங்க. சுற்றுலாக்காரர்னு சொல்லத்தக்கவர் ஒருத்தர்தான், அவரும் பாவம் வீடியோ எடுத்துக்கிட்டே வந்தார். இவங்க யாரும் விளம்பரம் பார்த்து ஏறினவங்க இல்லை. நாளைக்கும் விமானம் இருக்கும்னு நம்பினால்தான் இவங்க ஏறுவாங்க. ஒரு வருஷம் ஓட்டி, ரெண்டு வருஷம் நிறுத்தி, 'ஆளே வரலை'ன்னா எப்படி?

உள்நாட்டில் சின்ன ஊர்களுக்கு விமானம் விட 2017-லிருந்து உடான் திட்டத்தில் கம்பெனிகளுக்கு நஷ்டத்தை ஈடுகட்டப் பணம் கொடுக்கறாங்க. அதுல சில தடங்கள் யாருக்காக ஓடுதுன்னே தெரியாம ஓடி நின்னும் போச்சு. அதே மாதிரி பலாலிக்கும் மத்திய அரசோ, மாநில அரசோ கொடுக்கட்டுமே. நிபந்தனை ஒண்ணே ஒண்ணு: தினமும் போகணும், காலி சீட்டோட போனாலும் போகணும். கட்டணத்தையும் பார்க்கணும். நான் பார்த்த நாட்களில் எல்லாம் மதுரை டிக்கெட்டைவிட இது கணிசமா அதிகம், வெளிநாட்டுப் பயணம்ங்கற ஒரே காரணத்தால் ரெண்டு பக்கமும் வரி ஏறுது. மதுரையைவிட அறுபது கிலோமீட்டர் கிட்ட இருக்கற ஊருக்கு!

ஒரு நல்ல செய்தியும் இருக்கு, சொல்லாம விட்டால் அநியாயம். 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பலாலிக்கு விட்டாங்க. அதுவும் ஏடிஆர்தான். 2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்தும் தொடங்கினாங்க. திருச்சி–யாழ்ப்பாணம் நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சென்னை சுமார் 295. அதாவது திருச்சிக்காரருக்குத் தலைநகரத்தைவிட யாழ்ப்பாணம் நூறு கிலோமீட்டருக்கு மேல கிட்ட. இதையும் கேண்டீனில் பந்தயத்துக்கு வெச்சுக்கங்க.

ஒரு கம்பெனி நின்னாலும் இன்னொண்ணு இருக்கும்ங்கறது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் டிக்கெட் எடுக்காத நாட்களில்கூட வாரம் ஒரு தடவை போனைத் திறந்து பலாலி விமானம் இன்னும் லிஸ்டில் இருக்கான்னு பார்த்துடறேன். பழக்கமாயிடுச்சு. அம்மாவுக்கு இப்ப எழுபத்தஞ்சு தாண்டிடுச்சு. அண்ணனுக்கு சர்க்கரை, போன மாசம் காலில் ஒரு புண்ணு. அம்மா தினம் அவரோட பேசறாங்க. நேத்து ராத்திரி போனை வெச்சுட்டு என்கிட்ட வந்து, "நல்லூர்த் திருவிழாவுக்குப் போவமோ தம்பி?"ன்னு கேட்டாங்க.

ஆகஸ்ட் பக்கம் வரும்மா, இன்னும் நாள் இருக்கேன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லலை. உட்கார்ந்து தேதி பார்த்துக்கிட்டிருக்கேன்.

பி.கு: ஆறாவது ஆள் இன்னும் தோசைக்கான காசைக் கொடுக்கலை. நேர்கோடுங்கறது போங்காட்டமாம். ரோட்டுல போனா மதுரைதான் கிட்டவாம். யாழ்ப்பாணத்துக்கு ரோடு எங்கய்யா இருக்கு?